முதலும் வட்டியும்: திருப்பதி வழியில் ஐந்து கருவூலங்கள்

திருப்பதிக்குச் செல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. ஆயினும், சென்று வந்தவரிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: வரிசை, தரிசனம், லட்டு, திரும்பும் பேருந்து. தரிசன நேரம் முன்பதிவுச் சீட்டிலேயே குறிக்கப்பட்டுவிடும் இக்காலத்தில், காலையில் வந்து இறங்கியவருக்கு மாலை வரை பொழுது மிஞ்சுகிறது. அந்த அரை நாள் பலருக்கும் விடுதி அறையில் உறங்கியே கழிந்துவிடுகிறது. அதைப் பயனுள்ள முறையில் செலவிடும் வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன் ஒரு சிறு நிகழ்ச்சி. சித்தூர்க் கிளையில் நாங்கள் பணியாற்றிய நாள்களில், ஆண்டுதோறும் தம் நிலைவைப்பைப் புதுப்பிக்க ஒரு மூதாட்டி வருவார். எல்லைப்புறத்துத் தமிழ் பேசும் குடும்பத்தவர். தம் ஊர்க் கோயிலில் மாலை விளக்கு எரிவதற்காக அவர் கணவர் விட்டுச்சென்ற தொகை அது. ஒவ்வொரு முறையும் அவர் சொல்வது ஒன்றே: "சார், மொதலத் தொடாதீங்க. வட்டிய மட்டும் குடுங்க. வெளக்கு அணையக் கூடாது."

வங்கிப் பணியில் இருப்போர் நாள்தோறும் கேட்கும் சொற்கள்தாம் இவை. ஆனால் இதே ஏற்பாடு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அந்தக் கிளையிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர் தொலைவில், கல்லில் எழுதப்பட்டிருப்பதைப் பின்னரே அறிந்தோம்.

சுவரில் எழுதிய வைப்புநிதி

திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. வரிசையில் நிற்கும்போது நம் கண்ணெதிரே இருக்கும் சுவரிலும் தூணிலும் நம் மொழியே எழுதப்பட்டிருக்கிறது. நாமோ முன்னால் நிற்பவரின் தோளையே பார்த்துக்கொண்டு நகர்கிறோம்.

இவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, காடவன் பெருந்தேவி என்னும் சாமவையின் கல்வெட்டு. கி.பி. 966ஆம் ஆண்டினது எனப் பொதுவாகக் கொள்ளப்படுவது. பல்லவர் குடியைச் சேர்ந்த இப்பெருமாட்டி, வெள்ளியால் ஒரு திருமேனி செய்தளித்தார். அதற்கு அணிகலன்களும் தந்தார். அத்துடன் நில்லாமல், திருமேனிக்குரிய வழிபாடும் விழாவும் தடையின்றி நடக்க நிலமும் எழுதிவைத்தார். பொருளைக் கொடுத்ததோடு அதைப் பேணும் செலவுக்கும் வழி செய்தார் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. போக ஸ்ரீநிவாசர் என வழங்கும் அத்திருமேனிக்கு இன்றும் நாள்தோறும் திருமஞ்சனம் நடைபெறுகிறது.

பிற்கால விசயநகரக் கல்வெட்டுகளில் இந்த ஏற்பாடு இன்னும் நுட்பமாகிறது. நன்கொடையாளர் ஒரு தொகையைக் கோயிலின் ஸ்ரீபண்டாரத்தில் செலுத்துவார். கோயில் அத்தொகையைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. தனக்குரிய சிற்றூர்களில் ஏரி தூர்வாரவும் கால்வாய் வெட்டவும் அதைச் செலவிடும். நீர் பாய்ந்ததால் மிகுதியாக விளைந்த நெல்லிலிருந்து, கொடையாளர் பெயரால் நாள்தோறும் அமுதுபடி நடக்கும். படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளருக்கு உரியது. 'விட்டவன் விழுக்காடு' என்பது அதன் பெயர். முதல் ஏரியாக நிலைத்தது. வட்டி உணவாக வந்தது. இடையில் உழவரின் வயலும் செழித்தது. முதலீடு என்னும் சொல்லை விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியாது.

மலைக்கோயிலில் நின்று படிக்கப் பொழுதிராது. கீழ்த்திருப்பதியில் கோவிந்தராசர் கோயிலின் சுவர்களிலும் கல்வெட்டுகள் உள்ளன. அங்கே கூட்டம் குறைந்த நேரத்தில் சற்று நின்று பார்க்கலாம். எல்லா எழுத்தும் விளங்காவிடினும், ஓரிரு சொற்கள் பிடிபடும்போது தோன்றும் மகிழ்ச்சி தனி.

பூட்டிக் கிடந்த பாட்டு

இரண்டாவது கருவூலம் மலைமேல் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா அருங்காட்சியகம். தரிசனம் முடித்தவர்களில் பலர் அதைத் தாண்டிப் பேருந்துக்கு விரைகிறார்கள். அங்குக் காணத்தக்க பொருள்களுள் முதன்மையானவை தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் செப்பேடுகள்.

அன்னமாச்சாரியார் (1408–1503) 32,000 பாடல்கள் இயற்றினார் என்பது மரபு. அவருடைய வழித்தோன்றல்கள் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலுக்குள்ளேயே ஒரு சிறு கல்லறையில் பாதுகாத்தார்கள். காலப்போக்கில் அந்த அறையை மக்கள் மறந்தனர். பல நூற்றாண்டுகள் கழித்து, 1922ஆம் ஆண்டில்தான் அவ்வேடுகள் வெளிவந்தன. அவற்றில் பாடலின் சொற்களும் இராகத்தின் பெயரும் இருந்தன. பாடும் மெட்டு இல்லை. இடையில் பாடுவோர் தொடர்ச்சி அறுந்துபோனதால் மெட்டுகளும் மறைந்துவிட்டன. பின்னர் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய இசையறிஞர்கள் புதிதாக இசையமைத்தார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் அப்பாடல்கள் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த கதை வாசகர்கள் அறிந்ததே.

செப்பேடு அழியவில்லை, அதாவது முதல் பத்திரமாகவே இருந்தது. ஆனால் அத்தனை காலமும் அது ஒருவருக்கும் வட்டி தரவில்லை. பூட்டி வைப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதை அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றால் உணரலாம்.

மரமில்லா மாளிகை

மூன்றாவது இடம் சந்திரகிரி. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். விசயநகரப் பேரரசின் இறுதிக்காலத் தலைநகரங்களுள் ஒன்று. மலையடிவாரக் கோட்டைக்குள் இராஜமகால், இராணிமகால் என இரு மாளிகைகள் நிற்கின்றன. மூன்று தளங்கொண்ட இராஜமகாலைக் கட்ட மரமே பயன்படுத்தவில்லை. கல்லும் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் மட்டுமே. மேல்தளங்களின் சுமையை வளைவுகளே தாங்குகின்றன.

சென்னை நகரத்தார்க்கு இவ்விடம் ஒருவகையில் தாய்வீடு. 1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, வங்கக் கடலோரம் ஒரு மணற்பரப்பை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளிக்கும் ஆவணத்தைத் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் வழங்கினார். அவர் விசயநகர அரசருக்கு உட்பட்டவர். அக்கொடையை 1645இல் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் உறுதிசெய்தார். அந்த உறுதிச்சாசனத்தை இராஜமகாலோடு இணைத்துச் சொல்வது மரபு. ஒவ்வோர் ஆண்டும் சென்னை நாள் கொண்டாடும் நமக்கு, அதன் பத்திரம் தொடர்பான ஊர் இத்தனை அருகில் இருப்பது தெரிவதில்லை.

இராஜமகாலில் இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. கண்டிக்கோட்டை, யாகண்டி, குடிமல்லம் முதலிய இடங்களிலிருந்து கொணர்ந்த சிற்பங்கள் அங்கு உள்ளன. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

பொன்முகலிக் கரையின் பழைய இலிங்கம்

சந்திரகிரி அருகே ஓடும் சுவர்ணமுகி ஆற்றைத் தமிழர் பொன்முகலி என்பர். அதே ஆற்றின் போக்கில் கிழக்கே சென்றால், திருப்பதியிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் குடிமல்லம் என்னும் சிற்றூர். அங்குள்ள பரசுராமேசுவரர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

கருவறையின் பின்புறம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் தோன்றும். இதனைத் தமிழில் தூங்கானை மாடம் என்பர். உள்ளே ஏறத்தாழ ஐந்தடி உயர இலிங்கம். அதன் முகப்பில் வேடனைப் போன்ற ஓர் உருவம். ஒரு கையில் ஆடு, மறு தோளில் மழு, காலடியில் குறள் உருவம். அறிஞர் பலர் இதனைக் கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கின்றனர். இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய இலிங்கங்களுள் இது ஒன்று. பெருங்கோயிலின் ஆரவாரம் இங்கு இல்லை. பல நாள்களில் நாம் மட்டுமே நின்று, வேண்டுமளவு பார்க்கலாம்.

இன்னும் உலராத சாயம்

ஐந்தாவது கருவூலம் ஸ்ரீகாளஹஸ்தி. திருப்பதியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள். தென்கயிலை எனப் போற்றப்படும் கோயிலுக்குச் செல்வோர், அதே ஊரில் கலம்காரி வரைவோரின் வீடுகளையும் காணலாம். கலம் என்றால் எழுதுகோல். மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி நூலைச் சுற்றி அந்த எழுதுகோலைச் செய்கிறார்கள்.

பருத்தித் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். புளிய மிலாற்றைச் சுட்ட கரியால் உருவங்களை வரைந்துகொள்வர். கருமை நிறத்துக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறவைத்த சாறு. பானையில் மங்கலாகத் தோன்றும் அச்சாறு, துணியில் ஏறிய கடுக்காயின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்தவுடன் கறுக்கும். படிகாரம் தடவிய இடத்தில் சிவப்பு ஏறும். அவுரியிலிருந்து நீலம் வரும். இடையிடையே ஓடும் நீரில் பலமுறை அலச வேண்டும். ஒரு பெரிய துணி முடிய வாரங்கள் பல ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கலை ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. கமலாதேவி சட்டோபாத்தியாயர் முதலியோர் முயற்சியால் இங்கு ஒரு பயிற்சி மையம் அமைந்து, கைத்திறன் அடுத்த தலைமுறைக்குச் சென்றது. 2008இல் இவ்வூர்க் கலைஞர் குருப்ப செட்டி பத்மஸ்ரீ விருது பெற்றார். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

கடைகளில் கலம்காரி என்னும் பெயரில் அச்சிட்ட துணியும் விற்பனையாகிறது. வேறுபாடு காண்பது எளிது. அச்சில் ஒரே மயில் மாற்றமின்றித் திரும்பத் திரும்ப வரும். கைவேலையில் இரண்டு மயில்கள் ஒன்றுபோல் இரா; கோடும் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். வரைந்தவரிடமே நேரில் வாங்கினால், பணம் முழுமையாக அவர் கைக்குச் சேரும். பேரம் பேசும்முன் அந்த வாரங்களை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

பயணத் திட்டம்

இரண்டு நாள் போதும். முதல் நாள் திருமலை: தரிசனம், அருங்காட்சியகம். இரண்டாம் நாள் காலையில் சந்திரகிரி, நண்பகலுக்குப் பின் குடிமல்லம், மாலையில் ஸ்ரீகாளஹஸ்தி. வாடகை வண்டி அமர்த்தினால் வசதி. புறப்படுமுன் மூன்று இடங்களின் பெயரையும் சொல்லித் தொகையை உறுதிசெய்துகொள்ள வேண்டும். குடிமல்லத்தில் உணவகங்களை நம்ப வேண்டா. உணவும் நீரும் உடன் கொண்டுசெல்வது நன்று. சிற்றூர்களில் அலைபேசி வழிச் செலுத்தம் சில வேளை தடைபடும். கையில் சிறு நோட்டுகள் இருக்கட்டும். குழந்தைகள் உடன் வந்தால், திருப்பதியில் உள்ள வட்டார அறிவியல் மையத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

சித்தூரிலிருந்து மாற்றலாகி நாங்கள் பல ஊர்களுக்குச் சென்றுவிட்டோம். அந்த மூதாட்டியின் வைப்பு, அவர் எழுதித் தந்தபடி பேத்தியின் பெயருக்கு மாறிவிட்டதாக அண்மையில் கேள்விப்பட்டோம். வட்டி மாதந்தோறும் எண்ணெய்க்குப் போய்ச் சேருகிறதாம். கல்லும் செம்பும் துணியும் நமக்காக வைத்துச் சென்ற முதல் அங்கே பத்திரமாகவே இருக்கிறது. அடுத்த முறை திருப்பதி செல்லும்போது, நம் பங்கு விழுக்காட்டை மறவாமல் பெற்றுவருவோம்.