மலைநாட்டு லாரிகள் நின்ற 67 நாள்கள்

பிள்ளையார்பட்டி வழியாகக் காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே ஓடும் லாரிகளை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். சிமெண்ட் மூட்டை ஏற்றிய வண்டிக்கு நம் பக்கத்தில் ஏற்றமுமில்லை, கொண்டை ஊசி வளைவுமில்லை. ஆகவே வாடகை என்றதும் நாம் தொலைவை மட்டுமே கணக்கிடுகிறோம். இமாச்சலப் பிரதேசத்து லாரிக்காரருக்கோ ஒரு கிலோமீட்டர் என்பதன் பொருளே வேறு.

அங்கே ஏற்றத்தில் வண்டி முதல் கியரிலேயே முனகிக்கொண்டு ஏற, டீசல் கரைந்துபோகும். இறக்கம் அதனினும் கொடியது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும். எனவே சரக்கேற்றிய வண்டியைத் தாழ்ந்த கியரில் போட்டு, என்ஜினின் இழுவையாலேயே வேகத்தை அடக்கி இறக்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் காத்துக் கிடப்பதும் உண்டு. அகல ரயில் பாதை அம்மாநிலத்தின் ஓரத்தை மட்டுமே தொடுவதால் ஏறத்தாழ எல்லாச் சரக்குக்கும் லாரியே கதி.

சுண்ணாம்புக்கல் நிறைந்த அந்த மலைகளில், 1980களில் பர்மாணாவிலும் 1990களில் தார்லாகாட்டிலும் பெரிய சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. நிலத்தை இழந்த குடும்பங்கள் பல, கடன்பட்டு லாரி வாங்கின. அவர்கள் அமைத்த சங்கங்களே முறைவைத்து லோடு பகிர்ந்தன; ஆலை தன் விருப்பப்படி வெளி வண்டியை அழைக்க இயலாது. உழுத நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த பிழைப்பு என்றே அவர்கள் இதனைக் கருதினர்.

2022இல் ஏசிசி, அம்புஜா நிறுவனங்கள் அதானி குழுமத்தின் கைக்கு வந்தன. அவ்வாண்டு டிசம்பர் நடுவில், போக்குவரத்துச் செலவு தாங்கவில்லை என்று கூறி இரண்டு ஆலைகளும் மூடப்பட்டன. மலைச்சாலையில் ஒரு டன்னுக்குக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் 58 காசு வாடகை இருந்தது. நிர்வாகம் கேட்டதோ ஏறத்தாழ 6 ரூபாய். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: 10 டன் ஏற்றி 100 கிலோமீட்டர் சென்றால் 10,580 ரூபாய் கிடைத்த இடத்தில் 6,000 ரூபாய்தான் மிஞ்சும். அதில்தான் டீசல், டயர், கடன் தவணை யாவும்.

ஏறத்தாழ 7,000 லாரிகள் நின்றன. சாலையோர உணவுக்கடைகளும் பழுதுபார்க்கும் பட்டறைகளும் ஓய்ந்தன. முதலமைச்சர் சுக்விந்தர் சிங் சுக்கு தலையிட்டுப் பேசியபின், 2023 பிப்ரவரி 20ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது: ஒற்றை அச்சு வண்டிக்கு 10 ரூபாய் 30 காசு, பல அச்சு வண்டிக்கு 9 ரூபாய் 30 காசு. பெரிய வண்டி ஒரே ஓட்டுநரைக் கொண்டு மிகுந்த பாரம் சுமப்பதால், அதற்கு டன் கணக்கில் வாடகை குறைவு.

சங்கத்தின் பக்கமே முழு நியாயமும் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். போட்டியில்லாத வாடகை கடைசியில் வீடு கட்டுபவர் தலையில்தான் விடியும். தம் மண்ணில் விளையும் சிமெண்ட் அண்டை மாநிலத்தில் மலிவாக விற்பதேன் என்று இமாச்சல மக்களும் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். ஆயினும், நிலம் கொடுத்தவனிடம் பேசித் தீர்க்குமுன்னே ஆலைக் கதவைச் சாத்துவது எந்த ஊர் வழக்கம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த உடன்பாடு டன்னுக்கும் கிலோமீட்டருக்கும் விலை பேசியது. லாரி உரிமையாளரிடம் கூலிக்கு ஓட்டுபவரும் கிளீனரும் அந்த 67 நாள்களும் வருமானமின்றி இருந்தவர்களே. அவர்களுடைய பங்கு எவ்வளவு என்று அந்த வாடகைக் கணக்கில் தனியே ஒரு வரியும் இல்லை.