எறியாத பந்து

விளையாட்டைக் காண வருவோர் இருவகையினர். வெற்றியைக் காண வருவோர் ஒருவகை. ஆட்டத்தைக் காண வருவோர் மற்றொரு வகை. பெரும்பாலும் இவ்விருவரும் ஒரே மனிதருள்ளே குடியிருப்பர். இவர்களிடையே பிணக்கு நேருங்கால் அம்மனிதர் படும் வேதனை சொல்லுந் தரத்ததன்று. தம் கல்லூரி அணி முன்னணியில் நிற்கிறது; பந்தும் தம்மவர் கையில் இருக்கிறது; ஆயினும் அதனைக் கூடையை நோக்கி எறிவார் எவருமிலர். அரங்கமே அதிரக் கூவினும் பயிற்றுநர் அசைகின்றாரில்லை. இத்தகைய இரசிகரின் சினம் நியாயமானதா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களம் ஐக்கிய அமெரிக்கா. ஆங்குக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் ஊர்த் திருவிழாப் போலக் கொண்டாடப்படுவது. 1891ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இவ்விளையாட்டைத் தொடக்கிவைத்தார். அவர் வகுத்த விதிகள் 13. பந்தைக் கையிலேந்தி ஓடலாகாது என விதித்த அவர், எத்துணை நேரத்துள் அதனைக் கூடைக்கு எறிதல் வேண்டும் என விதித்தாரல்லர். அந்த இடைவெளியிலேதான் பிற்காலப் பயிற்றுநர்களின் தந்திரம் முளைத்தது.

வட கரோலினாப் பல்கலைக்கழக அணியை 1961 முதல் 1997 வரை பயிற்றியவர் டீன் சிமித். 879 வெற்றிகளை ஈட்டிய பெருந்தகை அவர். ‘நான்கு மூலை’ என்னும் ஆட்டமுறையைப் பெரும் புகழ்பெறச் செய்தவரும் அவரே. இம்முறையில் நால்வர் பாதிக்களத்தின் நான்கு மூலைகளிலும் நிற்பர். ஐந்தாமவர் நடுவே பந்தைத் தட்டியவண்ணம் உலாவுவார். எதிரணியினர் அணுகாவிடின் நேரம் கழியும். அணுகினாலோ கூடையடி வெறுமையாகும், எளிதிற் புள்ளி பெறலாம். முன்னணியில் நிற்கும் அணிக்கு இவ்விரண்டும் ஆதாயமே. எறிந்த பந்து தவறக்கூடும். எறியாத பந்து தவறுவதில்லை. பயிற்றுநரின் கணக்கு இதுவே.

இக்கணக்கு எப்பொழுதும் பலித்ததா? 1979ஆம் ஆண்டு மாசி மாதம் 24ஆந் திகதி டியூக் பல்கலைக்கழக அரங்கில் நிகழ்ந்ததை நோக்குவோம். கூடையடியைக் காத்து நின்ற டியூக் அணியினரை வெளியே இழுக்கும் நோக்குடன் சிமித்தின் அணியினர் பந்தைப் பிடித்து வைத்திருந்தனர். டியூக் அணியினரோ வெளிவந்திலர். முதற்பாதி முடிவில் டியூக் 7, வட கரோலினா 0. இரண்டாம் பாதியில் இரு அணிகளும் வழமைபோல ஆடி நாற்பது நாற்பதாகப் புள்ளிகள் பெற்றன. முடிவு 47க்கு 40. எறியாது கழித்த பாதியில் இழந்த ஏழு புள்ளிகளே தோல்வியின் அளவாயின. வட கரோலினாவின் இரசிகருக்கு இதனினும் வலிய சான்று வேறென்ன வேண்டும்?

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 1982ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், அற்லான்ரிக் கரைப் பல்கலைக்கழகங்களின் சுற்றுப்போட்டி இறுதியாட்டத்தில் வட கரோலினா வேர்ஜீனியாவை எதிர்த்தது. வேர்ஜீனியாவின் கூடையடியில் 7 அடி 4 அங்குல உயரமுடைய றல்ப் சாம்ப்சன் நின்றார். வட கரோலினா அணியில் மைக்கல் ஜோர்டனும் ஜேம்ஸ் வேர்தியும் இருந்தனர். அத்தகைய வீரர்களைக் கொண்டிருந்தும், ஒரு புள்ளி முன்னணியில் நின்ற சிமித், இறுதி நிமிடங்களிற் பந்தைப் பிடித்துவைக்கச் செய்தார். 47க்கு 45 என அவர் அணி வென்றது. அம்மாதத்திலேயே தேசிய வாகையையும் சூடியது. எனினும், தொலைக்காட்சியில் அவ்வாட்டத்தைக் கண்ட நாடு முழுவதும் முணுமுணுத்தது.

ஆகவே, தோற்றபோது தந்திரம் தவறு என்றும் வென்றபோது சரி என்றும் கூறுதல் நடுநிலையன்று. பயிற்றுநர் விதியை மீறினாரல்லர். விதி அனுமதித்ததையே செய்தார். குறை விதியிலேயே இருந்தது. இதனைத் தொழில்முறை ஆட்டத்தினர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1950ஆம் ஆண்டில் ஓர் ஆட்டம் 19க்கு 18 என முடிவுற்றது. 1954இல் அவர்கள் 24 வினாடி விதியைக் கொணர்ந்தனர். சுவையான ஆட்டமொன்றில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிகின்றன. ஆட்ட நேரமாகிய 48 நிமிடங்கள் 2,880 வினாடிகளாகும். பின்னதை முன்னதாற் பிரிப்பின் 24. கல்லூரி ஆடவர் ஆட்டத்திலோ 1985–86ஆம் ஆண்டுப் பருவத்திலேதான் 45 வினாடி விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அது 1993இல் 35 ஆகவும் 2015இல் 30 ஆகவும் குறைந்தது. இரசிகரின் கூக்குரல் பயிற்றுநரின் செவியில் ஏறவில்லை; காலந்தாழ்ந்தேனும் விதியாக்குவோர் செவியில் ஏறியது.

பொறுமை இழிந்த குணமன்று. காலமறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கொக்கின் காத்திருப்பைப் போற்றினார். ஆனால் காலம் வாய்த்தவிடத்து அது விரைந்து குத்துவதையும் உடன்வைத்தே போற்றினார். குத்தாத கொக்குக்கு மீன் கிட்டுவதில்லை.

இவற்றையெல்லாம் எழுதுங்கால் என் தொழிலையும் எண்ணிப்பார்க்கிறேன். பேச்சுப் போட்டிகளுக்கு, பரிசு தவறாது கொணர்ந்த ஒரு மாணவனையே யான் ஆண்டுதோறும் அனுப்பிவந்தேன். பாடசாலைக்கு வெற்றிகள் கிடைத்தன. பின்வாங்கிலிருந்து தயங்கித் தயங்கிக் கையுயர்த்திய வேறொருவனை ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்றே அமர்த்தினேன். அவன் ஒருமுறையேனும் மேடையேறாமலே பாடசாலையை விட்டுச் சென்றான். யான் விதியெதனையும் மீறவில்லை. ஆயினும் கையிலிருந்த பந்தை எறியாது காலங்கழித்தேன் என்பதை இன்று உணர்கிறேன்.

பயிற்றுநருக்கு நேரங் குறித்து மணியடிக்க இன்று ஒரு கடிகாரம் உண்டு. ஆசிரியனுக்கு அத்தகைய கடிகாரம் இல்லை. ஆதலின், அரங்கிலிருந்து சினந்து கூவும் அந்த இரசிகரின் குரலை அவன் தன் நெஞ்சினுள்ளேயே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.