உண்ண இடமுண்டு, இளைப்பாற?

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் செல்பவர்களிடம் வழியில் எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஆம்பூர் என்றே பதில் வரும். சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் அந்த ஊருக்கு அப்படியொரு பெயரைத் தேடித் தந்திருக்கின்றன. அதற்கு முன்பே, சென்னையிலிருந்து சுமார் 140 கி.மீ. தொலைவில் வேலூர் வந்துவிடுகிறது. 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கோட்டையும், அதன் அகழியும், உள்ளேயிருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அரை மணி நேரம் காலாற நடப்பதற்கு உகந்தவை. நேரமுள்ளவர்கள் வாணியம்பாடியைத் தாண்டி ஏலகிரி மலைக்குத் திரும்பலாம்.

ஆனால், உண்ணும் இடம் வேறு. இளைப்பாறும் இடம் வேறு. எதையும் விலைக்கு வாங்காமலேயே பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, நம்பிக் குடிக்கத்தக்க தண்ணீர், வண்டியை நிறுத்த நிழல், ஒரு மணி நேரம் கண்ணயர ஓர் இடம் ஆகியவை இருந்தால்தான் அது ஓய்விடம். ராணி மங்கம்மாள் காலத்துச் சாலைகளில் சத்திரங்கள் இருந்தன. சுமைதாங்கிக் கற்களை நட்டவர்கள் சுமையின் உரிமையாளரை அல்ல, சுமப்பவரை நினைத்தே நட்டார்கள்.

இந்தச் சாலையில் இன்று சுமப்பவர்கள் பலர். தோலும் காலணியும் ஏற்றிய லாரிகளின் ஓட்டுநர்கள், காலணித் தொழிற்சாலைகளுக்கு வேன்களிலும் பேருந்துகளிலும் சென்றுவரும் பெண்கள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் எனப் பட்டியல் நீளும். பயணத்தில் கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களை நம் வீடுகளிலேயே காணலாம். தண்ணீரும் இங்கே எளிய விஷயமல்ல. தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் பகுதி நீராதாரங்கள் கெட்டதை வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது.

ஓட்டுநரின் ஓய்வுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடராமல் அரை மணி நேர இடைவேளை, இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை என்றெல்லாம் விதித்தது. ஆனால், ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவான நிறுவனங்களை அது கட்டுப்படுத்தவில்லை. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்துத் தொழில் செய்பவர்கள் நிறைந்த துறையில் இந்த விலக்கின் பொருள் சொல்லாமலே விளங்கும். 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். நல்லதுதான். ஆனால், வண்டியை அணைத்துவிட்டு உறங்குபவருக்கு அது பெரிதும் உதவாது.

தேசிய நெடுஞ்சாலைகளில் 30 முதல் 50 கி.மீ.க்கு ஒன்று என, 600-க்கும் மேற்பட்ட இடங்களில் ஐந்தாண்டுகளில் வழியோர வசதிகள் அமைக்கப்படும் என 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரிலோ, சுங்கச்சாவடிக் கழிப்பறை அசுத்தமாக இருந்தால் படமெடுத்து அனுப்புவோருக்கு 1,000 ரூபாய் ஃபாஸ்டேக் கணக்கில் சேர்க்கப்படும் என்றது நெடுஞ்சாலை ஆணையம். கழிப்பறையைக் கழுவுவதற்கு ஆள் வைப்பதைவிட இது சிக்கனம் போலும்! அத்திட்டத்திலும் பெட்ரோல் நிலையங்கள், உணவகங்களின் கழிப்பறைகள் சேர்க்கப்படவில்லை. பயணிகள் பெரும்பாலும் ஒதுங்குவது அங்கேதான்.

சுமார் 260 கி.மீ. நீளத்தில் அமைந்துவரும் சென்னை - பெங்களூரு விரைவுச்சாலை சித்தூர் வழியாகச் செல்கிறது. அது முழுமையடைந்தால் தொலைதூரக் கார்களில் கணிசமானவை அங்கே போய்விடும். வசதிகளுக்கான முதலீடும் அவற்றைப் பின்தொடரும். தோல் லாரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் பழைய சாலையில்தான் ஓடியாக வேண்டும். பள்ளிகொண்டா, வாணியம்பாடி சுங்கச்சாவடிகளில் கட்டணம் செலுத்தப்போகிறவர்களும் அவர்களே. அவ்விரு சாவடிகளை ஒட்டியாவது, லாரிகள் நிற்க நிழலும் பெண்களுக்கு இரவிலும் திறந்திருக்கும் கழிப்பறையும் குடிநீரும் கொண்ட ஓய்விடங்களை அமைக்கும் பணியை, கார்கள் இடம்பெயரும் முன்பே ஆணையம் தொடங்க வேண்டும்.