இரண்டு கார், ஒரு கணக்கு

2024 டிசம்பர் 8, அபுதாபி. ஃபார்முலா 1 பருவத்தின் கடைசிப் பந்தயம். ஓட்டுநர் பட்டம் மேக்ஸ் வெர்ஸ்டப்பனுக்கு என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அணிப் பட்டம்தான் பாக்கி. மெக்லாரனிடம் 640 புள்ளி, ஃபெராரியிடம் 619.

முதல் வளைவிலேயே வெர்ஸ்டப்பனின் கார் மோதியதில் மெக்லாரனின் ஆஸ்கர் பியாஸ்த்ரி சுழன்று பின்தங்கிப் போனார். 19-வது இடத்தில் புறப்பட்ட ஃபெராரியின் சார்ல் லெக்லெரோ ஒவ்வொரு காராக முந்தி மூன்றாவது இடம் வரை வந்துவிட்டார். அவருக்கு முன்னால் சக ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ். முதலிடத்தில் ஓடிய மெக்லாரனின் லாண்டோ நோரிஸ் ஒரு டயர் மாற்றத்தில் சொதப்பி வெளியேறியிருந்தால் ஃபெராரி முதல் இரண்டு இடங்களையும் பிடித்து 662-ஐத் தொட்டிருக்கும், பட்டமும் கைமாறியிருக்கும். நோரிஸ் வென்றார். 666-க்கு 652. மெக்லாரன் 1998-க்குப் பிறகு அணிப் பட்டத்தைப் பார்த்தது அன்றுதான்.

வெற்றிக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15 என்று இறங்கிப் பத்தாமிடத்துக்கு 1. அணியின் இரண்டு கார்களும் எடுப்பதைக் கூட்டினால் அணிக் கணக்கு. அணிப் பட்டம் தொடங்கிய 1958-இல் இப்படி இல்லை. ஓர் அணியில் முந்தி வந்த காரின் புள்ளி மட்டுமே சேரும். 1979-இல்தான் எல்லாக் கார்களும் கணக்கில் வந்தன. எனக்கு இந்த மாற்றம்தான் பெரிது. இரண்டாவது ஓட்டுநரின் உழைப்புக்கு மதிப்பு வந்தது அதனால்தான்.

கடைசி வரிசை அணிகளுக்கு ஒரு புள்ளியும் பொன். பரிசுப் பணம் அணிப் பட்டியலின் வரிசைப்படிதான் பிரிகிறது. 2014 மொனாக்கோவில் ஜூல்ஸ் பியாங்கி ஒன்பதாவதாக வந்து எடுத்த 2 புள்ளிதான் அந்த வருடம் மருசியா அணியின் மொத்தச் சம்பாத்தியம். ஒரு புள்ளியும் எடுக்காத சாபரை அதனாலேயே அது முந்தியது.

பட்டம் வென்றால் பணம் கூடும். ஆனால் சோதனை வாய்ப்பு குறையும். காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பது அதன்மேல் பாயும் காற்று. அந்தப் பாய்ச்சலைக் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கிறார்கள். மாதிரி கார் நிஜக் காரில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றின் வேகம் மணிக்கு 180 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. ஏழாம் இட அணிக்குச் சுமார் எட்டு வாரத்துக்கு 320 ஓட்டம். சாம்பியனுக்கு அதில் 70 சதவீதம், அதாவது 224. பத்தாமிடத்துக்கு 368. வருட நடுவில் அப்போதைய வரிசையைப் பார்த்து மறுபடி பங்கிடுகிறார்கள். வேகமான காரில் எடையை ஏற்றி இழுத்துப் பிடிப்பதைவிட இது எவ்வளவோ நேர்மையான ஏற்பாடு.

ஆனால் இதன் பலன் உடனே தெரியாது. மறு வருடக் காரின் வேலை முந்தைய வருடமே சூடுபிடித்துவிடும். 2024 ஜூன் இறுதியில் மெக்லாரன் மூன்றாமிடத்தில் இருந்ததால் அதற்கு 256 ஓட்டம் கிடைத்தது. 2025 கார் வளர்ந்தது அந்தக் காலத்தில்தான். அந்தக் காரோடு, 2025 அக்டோபரில் சிங்கப்பூரிலேயே, ஆறு பந்தயம் மீதமிருக்க, மெக்லாரன் மறுபடியும் அணிப் பட்டத்தை வென்றது.