துளை சரியானால் சுருதி நிற்கும்!

பியானோவில் 88 கட்டைகள் உண்டு. ஆனால் உள்ளே எத்தனை தந்திகள் தெரியுமா? ஏறத்தாழ 230! பெரும்பாலான கட்டைகளுக்கு இரண்டு அல்லது மூன்று தந்திகள் இருப்பதால்தான் இத்தனை. பெரிய பியானோவில் இவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 20 டன். ஐந்து யானைகளின் எடை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்த விசையைத் தாங்க உள்ளே ஒரு வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சுருதியைக் காப்பாற்றுவது அதன் அடியில் இருக்கும் மரப்பலகைதான். வீணைக்குப் பிரடை எப்படியோ, அப்படித்தான் பியானோவுக்கு முறுக்காணி. விரல் நீளமுள்ள இந்த எஃகு ஆணியில் தந்தியைச் சுற்றி, ஆணியைப் பலகையின் துளையில் அடித்து இறக்குவார்கள். நட்டு கிடையாது, பசையும் கிடையாது. மரம் இறுக்கிப் பிடிக்கும் உராய்வுதான் எல்லாம்! சுருதி சேர்ப்பவர் திருப்பினால் ஆணி திரும்ப வேண்டும். மற்ற நேரத்தில் அசையவே கூடாது.

அதனால் மேப்பிள் போன்ற கடின மரத் தகடுகளை, இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி ஒட்டி இந்தப் பலகையைச் செய்கிறார்கள். அப்போதுதான் எல்லாப் பக்கமும் பிடிப்பு கிடைக்கும். மரமும் எளிதில் பிளக்காது.

பல ஆண்டுகளில் பலகை காய்ந்து வெடிக்கும், துளைகள் தளரும். இன்று சேர்த்த சுருதி சில நாளிலேயே இறங்கிவிடும். சற்றுப் பருமனான ஆணி போட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் நிற்காவிட்டால் பலகையையே மாற்ற வேண்டியதுதான்.

புதுப்பலகையில் துளை போடுவதில்தான் சூட்சுமம். ஆணியின் பருமன் சுமார் 7 மில்லிமீட்டர் என்றால், துளை அதைவிட அரை மில்லிமீட்டர் சிறியதாக இருக்க வேண்டும். உங்கள் அளவுகோலில் இரண்டு சிறு கோடுகளுக்கு நடுவே உள்ள இடத்தில் பாதிதான் அது! துளை பெரிதானால் ஆணி நழுவும். மிகவும் சிறிதானால் திருப்பவே முடியாது, மரமும் வெடிக்கலாம். ஆகவே அதே மரத்தின் மீதித் துண்டில் முதலில் துளைத்து, ஆணியை அடித்துச் சோதித்த பிறகே பலகையில் கை வைப்பார்கள்.

தந்தியின் இழுப்புக்கு எதிர்ப்பக்கமாகத் துளை சற்றே சாய்ந்திருக்க வேண்டும். துளைக்கும் அலகு உள்ளேயே நின்று சுழன்றால் சூடேறி மரம் கருகிவிடும். துளையின் சுவர் கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். பிறகு ஆணி சீராகத் திரும்பாது. ஆகவே கூரான அலகால், ஒரே சீராக இறக்கி எடுத்து, மரத்தூளை நீக்கிவிட்டுத்தான் அடுத்த துளைக்குப் போவார்கள்.

ஒரு துளைக்கு 2 நிமிடம் என்றால் 230 துளைகளுக்கு எவ்வளவு நேரம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனை நேரம் கழித்துப் போடும் கடைசித் துளையும் முதல் துளையைப் போலவே இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அந்தச் சுரம் காட்டிக் கொடுத்துவிடும்!