தொழிற்சாலையிற் சத்தி மதிப்பீடு: விண்ணப்பமும் அதன் பயனும்

பொருள் வரும் வழியை நாடுவார் பலர். அது போகும் வழியை ஆராய்வார் சிலரே. ஒரு தொழிற்சாலையின் உரிமையாளர் மூலப்பொருளின் விலையைச் சதக் கணக்கில் அறிவார். தொழிலாளர் கூலியை மணிக்கணக்கில் அறிவார். ஆயின், மின்சாரத்துக்கும் எரிபொருளுக்குமாகத் தாம் கொடுக்கும் பணம் எந்தப் பொறியில், எந்த வேளையில், எவ்வளவு செலவாகின்றது என வினவின், அவருட் பெரும்பாலார் விடை கூறமாட்டார். மாதந்தோறும் பட்டியல் வருகின்றது. மாதந்தோறும் பணம் செலுத்தப்படுகின்றது. அவ்வளவே.

இதற்குக் காரணம் யாது? நீர் ஒழுகினால் நிலம் நனையும். எண்ணெய் ஒழுகினால் கறை படியும். வெப்பமும் வளியும் ஒழுகினாலோ கண்ணுக்கு யாதொன்றும் புலப்படுவதில்லை. கண்ணாற் காணவியலாத இழப்பை அளவைக் கருவிகளாலும் கணக்கினாலுமே காணல் வேண்டும். அவ்வாறு ஒரு தொழிற்சாலையுட் சத்தி நுழையும் வாயில் முதலாக அது செலவாகும் இடம் ஈறாக அளந்து, வீணாவது எவ்வளவு, அதனைத் தடுக்க ஆகுஞ் செலவு எவ்வளவு என்று கணித்துக் கூறுதலே சத்தி மதிப்பீடு எனப்படும். பெருந் தொழிற்சாலைகள் இதற்கெனப் பொறியியலாளரை வைத்துக்கொள்ள வல்லன. சிறியன யாது செய்தல் கூடும்? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்க நாடு கண்ட விடையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1973ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பீப்பாய் ஒன்று ஏறக்குறைய மூன்று டொலராக விற்ற மசகெண்ணெயின் விலை, 1974ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பன்னிரண்டு டொலரை அணுகியது. மலிந்த எரிபொருளை நம்பி வளர்ந்த தொழில்கள் தடுமாறின. இந்நெருக்கடியின் பின்னர், 1976இல், பல்கலைக்கழகப் பொறியியற் பீடங்களைக் கொண்டு சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகளை இலவசமாக ஆராயும் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. 1977இல் அந்நாட்டுச் சத்தித் திணைக்களம் நிறுவப்பட்ட பின்னர் அத்திட்டம் அதன் பொறுப்பில் வந்தது. கழிவுகளைக் குறைத்தலும் உற்பத்தியைப் பெருக்குதலும் 1990களில் அதனோடு சேர்க்கப்பட, ஆய்வு நிலையங்கள் கைத்தொழில் மதிப்பீட்டு நிலையங்கள் என்னும் பெயர் பெற்றன. 2020களின் தொடக்கத்துக்குள் இவை நிறைவேற்றிய மதிப்பீடுகள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டன. அவற்றை நிகழ்த்தியோர் பேராசிரியரின் மேற்பார்வையிற் சென்ற மாணவர்கள் என்பது நாம் சிறப்பாக நோக்குதற்குரியது.

எல்லாத் தொழிற்சாலைகளும் இவ்வுதவியைப் பெறுதற்குரியன அல்ல. 2010களில் நிலவிய விதிகளின்படி, விண்ணப்பிப்பது பொருள் உற்பத்தி செய்யும் தொழிற்சாலையாக இருத்தல் வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து 150 மைல் தூரத்துக்குள் அமைதல் வேண்டும். அதன் ஆண்டு விற்பனை பத்துக்கோடி டொலரை மீறலாகாது. தொழிலாளர் 500 பேருக்குக் குறைந்திருத்தல் வேண்டும். ஆண்டுச் சத்திச் செலவு ஓரிலட்சம் டொலருக்கு மேலும் இருபத்தைந்து இலட்சம் டொலருக்குக் கீழும் அமைதல் வேண்டும். இவ்வாய்வைச் செய்தற்குத் தகுந்த நிபுணர் தொழிற்சாலையில் இல்லாதிருத்தலும் வேண்டும். இவ்விதிகளின் கருத்து வெளிப்படை. மிகச் சிறிய செலவுடையதை ஆராய்ந்தாற் கிடைக்கும் பயன் ஆய்வின் செலவுக்கும் ஈடாகாது. மிகப் பெரியது தன் பொருளைக் கொண்டே ஆராய வல்லது. இரண்டுக்கும் இடைப்பட்டதே அரசின் துணைக்கு உரியது.

இனி விண்ணப்பத்தை நோக்குவோம். அதிற் கேட்கப்பட்டவை கடினமானவை அல்ல: செய்யப்படும் பொருள் யாது, ஆண்டு உற்பத்தி எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வேலை நடைபெறுகின்றது, முக்கிய பொறிகள் எவை என்பனவே. இவற்றோடு பன்னிரண்டு மாதத்து மின்சார, எரிபொருட் பட்டியல்களும் வேண்டப்பட்டன. ஒரு மாதத்துப் பட்டியல் போதாதோ எனின், போதாது. மாரியிற் கட்டடத்தைச் சூடாக்கவும் கோடையிற் குளிர்விக்கவும் ஆகும் செலவு மாதத்துக்கு மாதம் வேறுபடும். உற்பத்தியும் ஒரே சீராக இராது. ஓராண்டு முழுவதையும் நோக்கினாலன்றி உண்மை விளங்காது.

பட்டியல்களைத் திரட்டும் இச்செயலே மதிப்பீட்டின் முதற்பகுதி என்பது என் கருத்து. மின்சாரம் அலகு என்றும், எரிவாயு தேர்ம் என்றும், எண்ணெய் கலன் என்றும் கணக்கிடப்பட்டு வருகின்றன. ஓரலகு மின்சாரம் 3,412 பிரித்தானிய வெப்ப அலகுக்குச் சமம். ஒரு தேர்ம் ஓரிலட்சம் வெப்ப அலகு. யாவற்றையும் இவ்வாறு ஒரே அளவைக்கு மாற்றி, ஒவ்வொரு மாதத்து உற்பத்தியையும் பக்கத்தில் எழுதி ஒப்பிடுக. உற்பத்தி பாதியாகக் குறைந்த மாதத்திற் சத்திச் செலவு பத்திலொரு பங்கே குறைந்திருப்பின், பொருள் செய்தற்கன்றிப் பொறிகள் வெறிதே ஓடுதற்கே பெரும்பணம் போகின்றதென்பது தெளிவு. இதனை அறிதற்கு எவரும் வெளியிலிருந்து வரவேண்டுவதில்லை.

மின்சாரப் பட்டியலில் மற்றொரு வரியும் உண்டு. செலவான அலகுகளுக்கேயன்றி, அம்மாதத்தில் எந்த ஒரு கால்மணி நேரத்தில் மிகக் கூடிய வலு பெறப்பட்டதோ அதற்கும் தனியே கட்டணம் விதித்தல் அந்நாட்டுப் பல மின்சாரக் கம்பனிகளின் வழக்கம். திங்கட்கிழமை காலையில் எல்லாப் பொறிகளையும் ஒருங்கே இயக்கிய கால்மணி நேரத்துக்காக மாதம் முழுவதும் கூடிய கட்டணம் செலுத்தியோர் உளர். ஒன்றன்பின் ஒன்றாக இயக்கின் அக்கட்டணம் குறையும். செலவோ யாதும் இல்லை.

விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் குறித்த ஒரு நாளிற் குழுவினர் வருவர். காலையில் முகாமையாளருடன் உரையாடுவர். பின்னர் மூலப்பொருள் நுழையும் வாயிலிலிருந்து செய்பொருள் வெளியேறும் வாயில் வரை நடந்து நோக்குவர். அதன்பின் தமக்குள் ஆராய்ந்து, அளக்கவேண்டிய இடங்களைத் தெரிந்து, கருவிகளோடு மீண்டும் செல்வர். மாலையிற் கண்டவற்றை முகாமையாளருக்குச் சுருக்கமாக எடுத்துரைப்பர்.

அவர்கள் எவற்றை நோக்கினர்? முதலாவது, அமுக்கிய வளி. பேணுதல் குன்றிய தொழிற்சாலைகளில் வளியமுக்கி தரும் வளியில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை குழாய் மூட்டுக்களின் வழியே ஒழுகிப்போதல் உண்டு. இரைச்சலுக்கிடையே காது கேளாத அவ்வொழுக்கை மீயொலிக் கருவி காட்டிக்கொடுக்கும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். 50 கிலோவாற்று வளியமுக்கி ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடின் 3,00,000 அலகு செலவாகும். அதில் ஐந்திலொன்று ஒழுக்கெனின் இழப்பு 60,000 அலகு. அலகுக்குப் பத்துச் சதமாயின் ஆண்டுக்கு 6,000 டொலர். மூட்டுக்களைச் செப்பனிட 1,500 டொலர் ஆகுமெனின், மூன்றே மாதத்தில் அப்பணம் மீளும். ஆயின், ஒழுக்கு நின்றதும் அமுக்கியின் வேலையும் அதற்கேற்பக் குறையுமாறு அதன் கட்டுப்பாட்டைத் திருத்துதல் வேண்டும். அன்றேல் எதிர்பார்த்த பயன் முழுவதும் கிட்டாது.

இரண்டாவது, கொதிகலன். எரிதற்கு வேண்டிய அளவிலும் மிகுந்த வளியை உட்செலுத்தின், அவ்வளி சூடேறிப் புகைபோக்கி வழியே வெப்பத்தைக் கொண்டு போய்விடும். குறைவாகச் செலுத்தின் எரிபொருள் முற்றும் எரியாது. புகையிலுள்ள ஒட்சிசனை அளந்து இதனைச் சீர்செய்யலாம். புகையின் வெப்பநிலையை 22 பாகை செல்சியசு குறைப்பின் கொதிகலனின் வினைத்திறன் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று உயரும்.

மூன்றாவது, விசிறிகளும் பம்பிகளும். விசிறி ஒன்று வேண்டும் வலு அதன் வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதசமனானது. வேகத்தை ஐந்தில் நான்காகக் குறைப்பின் வேண்டிய வலு 125இல் 64 பங்கு, அஃதாவது ஏறக்குறையப் பாதியாகிவிடும். வேகத்தைக் குறையாது வாயிலை மாத்திரம் பாதி மூடிவைத்தல், வண்டியை முழுவேகத்தில் முடுக்கிக்கொண்டே தடையையும் அழுத்துவதற்கு ஒப்பாகும்.

வருகை நிகழ்ந்து அறுபது நாளுக்குள் எழுத்தறிக்கை அனுப்பப்பட்டது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஆகும் செலவு, ஆண்டு மீதம், முதல் மீளும் காலம் ஆகியன அதில் தனித்தனியே குறிக்கப்பட்டன. சில மாதங்கள் கழித்து, எவை நிறைவேற்றப்பட்டன என்பதும் கேட்டறியப்பட்டது. இவ்விவரங்கள் தொழிற்சாலையின் பெயர் சுட்டாமல் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்துத் தொகுப்பிற் சேர்க்கப்பட்டன. வருவோர் குற்றங் காணும் அதிகாரிகள் என அஞ்சி விண்ணப்பியாதிருத்தல் அறியாமையாகும். தண்டம் விதிக்க அவர்க்கு அதிகாரமில்லை; பரிந்துரையை ஏற்றே தீரல் வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

எனினும், இங்கே ஒரு குறை புலப்படுகின்றது. இத்தொகுப்பை ஆராய்ந்து அண்டர்சன், நியூவெல் என்னும் இருவர் 2004இல் வெளியிட்ட கட்டுரை, பரிந்துரைகளில் ஏறக்குறையப் பாதியே நிறைவேற்றப்பட்டன எனக் கூறுகின்றது. ஓரிரண்டு ஆண்டுகளில் முதல் மீளாதவற்றைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஒதுக்கின. பின்வரும் மீதத்தினும் முன்கொடுக்கும் பணமே அவற்றின் மனத்தைக் கூடுதலாக வருத்தியது. இது வெறும் பேதைமை அன்று. நாளைய கூலிக்குப் பணம் தேடும் சிறு முதலாளி ஐந்தாண்டுக்குப் பின் வரும் இலாபத்தை எவ்வாறு நம்பியிருப்பார்? அறிவை இலவசமாக வழங்குதல் மட்டும் போதாது. அதனைச் செயலாக்குதற்கு எளிய கடனும் வேண்டும் என்பதை இவ்வனுபவம் உணர்த்துகின்றது.

மாணவர் பெற்ற பயனையும் மறத்தலாகாது. வெப்பவியலைக் கரும்பலகையிற் கற்றவன், கொதிகலனின் முன் நின்று அளக்கும்போது சமன்பாட்டின் பொருளை அறிகின்றான். தன் கணக்கிற் பிழை நேரின் ஒருவரது பணம் வீணாகுமென்னும் பொறுப்பும் அவனுக்கு உண்டாகின்றது. பரீட்சைத் தாளில் இழக்கும் புள்ளி இவ்வுணர்வைத் தரமாட்டாது.

இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால், சத்தியைப் பேணுதலையும் தன் கடமையாகக் கொண்ட அதிகாரசபை ஒன்று அமைக்கப்பட்டது. எந்நாட்டிலாயினும் தொடக்கம் ஒன்றே. நம் மாணவர் தத்தம் இல்லத்து மின்சாரப் பட்டியல்கள் பன்னிரண்டை எடுத்து வரிசைப்படுத்தி, மாதத்துக்கு மாதம் வேறுபாடு யாதெனவும் அதன் காரணம் யாதெனவும் எழுதிப் பார்ப்பாராக. தொழிற்சாலையின் விண்ணப்பப் பத்திரம் கேட்பதும் அதனையே.