அயல்நாட்டு விவகாரமும் ஆங்கில வாசிப்பும்

சர்வதேச உறவுகள் என்னும் துறையைப் பயிலும் நம் மாணாக்கர்களுக்கு ஆங்கில பாஷை எவ்வாறு கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கேள்வி சிலருக்கு அற்பமானதாகத் தோன்றக்கூடும். உபாத்தியாயர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயத்தைப் பத்திரிகையில் எழுப்புவானேன் என்று கேட்போரும் இருக்கலாம். ஒரு தேசத்தின் சுதந்திரமே ஒரு வினைச்சொல்லைப் பற்றிய தகராறில் சிக்கிக்கொண்ட வரலாறு உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

1889-ம் வருஷம் மே மாதத்தில் எத்தியோப்பியச் சக்கரவர்த்தி இரண்டாம் மெனெலிக்கும் இத்தாலிய சர்க்காரும் வுச்சாலே என்னுமிடத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அது அம்ஹாரிய பாஷையிலும் இத்தாலிய பாஷையிலும் எழுதப்பட்டது. பிற வல்லரசுகளுடன் காரியங்களை நடத்துவதற்குச் சக்கரவர்த்தி வேண்டுமானால் இத்தாலியின் உதவியைப் பெறலாம் என்று அம்ஹாரியப் பிரதியின் 17-வது ஷரத்து கூறிற்று. இத்தாலியப் பிரதியிலோ, அவர் இத்தாலியின் மூலமாகவே அவற்றை நடத்தியாக வேண்டும் என்னும் பொருள் இருந்தது. ‘பெறலாம்’ என்பதற்கும் ‘நடத்தியாக வேண்டும்’ என்பதற்கும் உள்ள அந்தச் சிறு இடைவெளியில் இத்தாலி தன் கொடியை நாட்டி, எத்தியோப்பியா தன் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடு என்று உலகுக்கு அறிவித்தது. 1893-ல் மெனெலிக் அவ்வுடன்படிக்கையை நிராகரித்தார். 1896-ம் வருஷம் மார்ச் முதல் தேதி அட்வா போர்க்களத்தில் இத்தாலியப் படை முறியடிக்கப்பட்ட பின்னரே எத்தியோப்பியாவின் சுதந்திரம் ஒப்புக்கொள்ளப்பட்டது. இரு பிரதிகளையும் அருகருகே வைத்து ஊன்றி வாசிக்க வல்லவர் ஒருவர் சக்கரவர்த்தியின் பக்கத்தில் இருந்திருப்பின், அத்தகராறு கையெழுத்துக்கு முன்னரே வெளிப்பட்டிருக்கும். அப்படியொரு வாசகர் இல்லாமற்போன குறையை அட்வாவில் சிந்திய இரத்தத்தினால் ஈடுசெய்ய நேர்ந்தது.

எத்தியோப்பியாவின் கதை நமக்கும் பாடமாகும். ஐக்கிய நாடுகள் சபையின் அதிகார பாஷைகள் ஆறு. தமிழும் ஹிந்தியும் அவற்றில் இல்லை. 1954-ல் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட பஞ்சசீல உடன்படிக்கை ஹிந்தி, சீனம், ஆங்கிலம் ஆகிய மூன்று பாஷைகளிலும் எழுதப்பட்டு, மூன்றுக்கும் சம அந்தஸ்து அளிக்கப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் உலக சபைகளின் தீர்மானங்களை நம்மவர் ஆங்கிலப் பிரதியைக் கொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்நிய பாஷையின் மீது மோகம் கொண்டு நாம் இதைச் சொல்லவில்லை. ஒருவன் தன் வீட்டுப் பத்திரத்தை எந்த பாஷையில் எழுதியிருக்கிறார்களோ, அந்த பாஷையில் வாசித்தறிவது மோகமாகாது, விவேகமேயாகும்.

இன்று பொதுவாக நடப்பது என்ன? அரசியல் படிக்கும் மாணாக்கனுக்கு ஆங்கிலம் என்ற பெயரால் ஒரு கவிதை, ஒரு சிறுகதை, விடுமுறை கேட்கும் கடிதம், கோடிட்ட இடத்தை நிரப்பும் இலக்கணம் ஆகியவை புகட்டப்படுகின்றன. அவனது பிரதான பாடத்திற்கோ பிறர் சுருக்கிய குறிப்புகள் கைகொடுக்கின்றன. அதிகாரச் சமநிலையைப் பற்றிப் பத்துப் பக்கம் ஒப்பிக்க வல்லவன், அன்று காலை வெளியான கூட்டறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்து, “இதில் யார் எதற்கு இசைந்தார்?” என்று கேட்டால் திகைத்து நிற்கிறான். குற்றம் மாணாக்கனுடையதன்று. அவன் வாசிக்க வேண்டியது ஒன்று; அவனுக்கு வாசிக்கக் கற்பித்தது வேறொன்று.

தமிழ் மாணாக்கனுக்குள்ள இடறுகற்கள்

நல்ல பாடத்திட்டம் வகுக்க விரும்புவோர், மாணாக்கன் எங்கே இடறுகிறான் என்பதை முதலில் ஆராய வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவன் இத்துறையில் இடறும் இடங்களுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது, ‘தி’ என்னும் சிறு சொல். அதற்கு நேரான சொல் தமிழில் இல்லாமையால் நம் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. 1967-ம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி பாதுகாப்புச் சபை 242-வது தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. சமீபத்திய போரில் பிடிக்கப்பட்ட பிரதேசங்களிலிருந்து இஸ்ரேலியப் படைகள் வாபஸாக வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். ஆங்கிலப் பிரதியில் ‘பிரதேசங்கள்’ என்பதற்கு முன்னே ‘தி’ இல்லை. ஆகவே எல்லாப் பிரதேசங்களையும் விட வேண்டுவதில்லை என்று ஒரு சாரார் வாதிக்கின்றனர். பிரெஞ்சுப் பிரதியிலோ, பிடிக்கப்பட்ட பிரதேசங்கள் அனைத்தும் என்று கொள்ளத்தக்க வடிவம் இருக்கிறது. அதையே மறு சாரார் ஆதாரமாகக் காட்டுகின்றனர். அரை நூற்றாண்டு கடந்தும் வாதம் ஓயவில்லை. எழுதாமல் விட்ட ஒரு சொல் எழுதிய சொற்களனைத்தையும்விடக் கனத்து நிற்கிறது.

இரண்டாவது, ‘வேண்டும்’ என்னும் நம் சொல். ஆங்கிலத்தில் ‘ஷல்’ என்பது கட்டுப்படுத்தும் கடமை. ‘ஷுட்’ என்பது செய்வது நலம் என்னும் அறிவுரை. இரண்டையும் நாம் ‘வேண்டும்’ என்றே பெயர்த்துவிடுகிறோம். நம் பழைய சாஸனங்களிலும் சட்டங்களிலும் வழங்கிய ‘கடவது’ என்னும் சொல்லை மறந்ததன் பலன் இது. 2015-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி பாரிஸ் நகரில் சீதோஷ்ண உடன்படிக்கை நிறைவேறவிருந்த தறுவாயில், தொழில்வளம் மிக்க நாடுகள் புகையைக் குறைக்கும் பொறுப்பைக் கூறும் ஷரத்தில் ‘ஷல்’ என்றிருப்பதை அமெரிக்கப் பிரதிநிதிகள் கண்டுகொண்டனர். அச்சொல் நின்றால் தங்கள் செனட் சபையின் சம்மதத்தை நாட நேரும் என்று அவர்கள் அஞ்சினர். மற்றச் சில்லறைத் திருத்தங்களோடு சேர்த்து வாசிக்கப்பட்டு, அது ‘ஷுட்’ ஆயிற்று. மண்டபத்தில் கரகோஷம் எழுந்தது, கடமை அறிவுரையாகிவிட்டது. நம் மாணாக்கனின் தமிழ்க் குறிப்பிலோ இரண்டும் ஒன்றே!

மூன்றாவது, வாக்கியத்தின் நீளம். ஐ.நா. தீர்மானம் பல பக்கம் நீண்டாலும் இலக்கண முறைப்படி அது ஒரே வாக்கியம். தலைப்பில் சபையின் பெயர் எழுவாயாக நிற்கும். ‘நினைவுகூர்ந்து’, ‘கவலையுற்று’, ‘உறுதிகொண்டு’ என்று முகவுரைப் பத்திகள் தொடரும். பிறகு இலக்கமிட்ட பத்திகளில் ‘கண்டிக்கிறது’, ‘கேட்டுக்கொள்கிறது’, ‘தீர்மானிக்கிறது’ என்னும் முற்றுவினைகள் வரும். இதைக் கண்டு ஆங்கிலேய மாணாக்கன் மலைக்கலாம். தமிழ் மாணாக்கன் மலைக்க வேண்டுவதில்லை. வினையெச்சங்கள் வரிசையாக நின்று முற்றுக்காகக் காத்திருப்பது நம் பாஷையின் இயல்பேயன்றோ? முகவுரை வினையெச்சம், தீர்மானம் வினைமுற்று என்று ஒரு நாள் எடுத்துக் காட்டினால் பாதிப் பயம் தெளியும். தாய்மொழி இலக்கணத்தை வாசற்படியாகக் கொள்ளாமல் ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே புகட்டுவோம் என்னும் பிடிவாதம் இங்கே நஷ்டத்தையே தருகிறது.

பாடத்திட்டம் எவ்வாறு அமையலாம்?

மேற்கூறியவற்றிலிருந்து பாடத்திட்டத்தின் அடிப்படை தானே விளங்கும். மாணாக்கன் எவற்றை வாசிக்க நேருமோ, அவற்றைக் கொண்டே அவனுக்கு வாசிக்கக் கற்பிக்க வேண்டும். முதற் பருவத்தில் செய்திகளும் கூட்டறிக்கைகளும் இருக்கட்டும். இரு நாட்டு மந்திரிகள் சந்தித்த பின் இரு சர்க்கார்களும் தனித்தனியே வெளியிடும் அறிக்கைகளை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது எது என்று தேடச் செய்யலாம். இரண்டாம் பருவத்தில் 111 ஷரத்துக்களைக் கொண்ட ஐ.நா. சாஸனமும், முக்கிய உடன்படிக்கைகளும், பாதுகாப்புச் சபைத் தீர்மானங்களும் வரட்டும். குவைத் விஷயமாக 1990-ல் நிறைவேறிய 678-வது தீர்மானம் ‘அவசியமான சகல உபாயங்களையும்’ கையாள அனுமதித்தது. இராக் விஷயமாக 2002-ல் நிறைவேறிய 1441-வது தீர்மானம் ‘கடுமையான விளைவுகள்’ நேரும் என்று எச்சரித்தது. முன்னது படைபலத்துக்கு அனுமதி என்பதில் தகராறில்லை. பின்னது அத்தகைய அனுமதியா என்பதே 2003-ம் வருஷத்து யுத்தத்தின் நியாயத்தைப் பற்றிய பெரும் விவாதம். இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பது ஒரு வாரப் பாடமாகும். அறிஞர்களின் வியாசங்கள் மூன்றாம் பருவத்தில் வந்தால் போதும்.

சொற்களைப் பொறுத்தவரை அகராதி முழுவதையும் உருப்போட வேண்டுவதில்லை. கலாசாலைப் புத்தகங்களில் துறை வேறுபாடின்றி மிகுதியாக வழங்கும் சொற்களை ஆராய்ந்து, 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியலொன்றை 2000-ம் வருஷத்தில் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார் வெளியிட்டார். அத்தகைய பட்டியலோடு இத்துறைக்கே உரிய சொற்களும் சேர வேண்டும். தெரிந்த சொல்லைப்போல் தோன்றி ஏமாற்றும் சொற்களே இவற்றுள் அதிக ஆபத்தானவை. ‘பார்ட்டி’ என்பது இங்கே கட்சியுமன்று, விருந்துமன்று. உடன்படிக்கைக்குக் கட்டுப்பட இசைந்த தரப்பு. ‘குட் ஆபீசஸ்’ என்பது நல்ல காரியாலயங்களைக் குறிப்பதன்று; மூன்றாமவர் இரு தரப்பாரையும் பேசவைக்கச் செய்யும் உதவி. ‘ஸாங்ஷன்’ என்பது ஓரிடத்தில் அனுமதி, மற்றோரிடத்தில் தண்டனை.

பரீக்ஷையும் மாற வேண்டும். முன்பின் பார்த்திராத ஒரு தீர்மானத்தைக் கொடுத்து, இது யாரைக் கட்டுப்படுத்துகிறது, எதை வேண்டுமென்றே தெளிவின்றி விடுகிறது என்று கேட்கலாம். விடையைத் தமிழில் எழுதவும் அனுமதிக்கலாம். சோதிக்கப்படுவது வாசிப்பேயன்றி ஆங்கிலத்தில் எழுதும் திறமையன்று. ஆங்கில உபாத்தியாயரும் அரசியல் உபாத்தியாயரும் இப்பாடத்தைச் சேர்ந்து நடத்துதல் அவசியம். முன்னவருக்கு வாக்கியம் தெரியும். பின்னவருக்கு வாக்கியத்தின் பின்னாலுள்ள வழக்குத் தெரியும்.

ஆட்சேபங்கள்

பேச்சையும் எழுத்தையும் விட்டு வாசிப்பை மட்டும் கற்பிப்பது நொண்டிக் கல்வியாகாதா என்று சிலர் கேட்பர். வங்காளத்தில் கல்வி இலாகாவில் பணிபுரிந்த மைக்கேல் வெஸ்ட் 1926-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதற்கு விடை இருக்கிறது. பேசக் கற்று நடுவில் நிறுத்தியவனுக்கு மிஞ்சுவது சொற்பம். வாசிக்கக் கற்று நடுவில் நிறுத்தியவனுக்கோ கற்ற மட்டும் பயன்படும் என்று அவர் வாதித்தார். நம் மாணாக்கருள் பலர் ராஜதந்திரிகளாகப் போவதில்லை. பத்திரிகையாளராகவும் வக்கீலாகவும் அரசியல் ஊழியராகவுமே வாழ்வர். அவர்கள் ஜினீவாவில் பிரசங்கம் செய்ய நேராமற் போகலாம். ஆனால் ஜினீவாவில் எழுதப்பட்டதை வாசிக்க நேராத நாள் இராது.

ஆங்கில நூல்களையே வாசிப்பவன் லண்டன், வாஷிங்டன் நகரங்களின் கண்ணாலேயே உலகைக் காண்பான் என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. ஆகையால் நேருவின் பிரசங்கங்களும், 1955-ல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் அறிக்கையும் பாடத்தில் தவறாமல் இடம்பெற வேண்டும் என்போம். ஆங்கிலம் அந்த மகாநாட்டில் அடிமைகளின் பாஷையாக ஒலிக்கவில்லை. விடுதலை பெற்றோர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் கருவியாகவே பயன்பட்டது.

இதெல்லாம் தூரதேசத்துச் சங்கதி என்று கருதுவோர் இராமேசுவரத்துக் கரையை நோக்கட்டும். 1974-ம் வருஷத்து இந்திய-இலங்கை உடன்படிக்கையின் ஐந்தாவது ஷரத்து, நம் மீனவரும் யாத்திரிகரும் ‘இதுகாறும் போலவே’ கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்கிறது. மீன்பிடித்தல் என்னும் சொல் அந்த ஷரத்தில் இல்லை. வலை உலர்த்தவும், இளைப்பாறவும், அந்தோணியார் திருவிழாவுக்குச் செல்லவுமே அவ்வுரிமை என்று சர்க்கார் தரப்பில் பொருள் கூறப்படுகிறது. ‘இதுகாறும்’ என்னும் சொல்லில் தலைமுறைத் தொழிலும் அடங்கும் என்று வாதிப்போர் இருக்கின்றனர். 1976-ல் பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்கள் அவ்வாதத்தை மேலும் சிக்கலாக்கின. எது சரியென்று இங்கே தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஆனால் இதைப் பற்றி மேடைதோறும் முழங்குவோருள் எத்தனை பேர் அந்த ஷரத்தைக் கண்ணால் வாசித்திருக்கின்றனர் என்று மட்டும் கேட்கிறோம். படகையும் வலையையும் இழந்து நிற்பவனுக்கு முழக்கத்தைக் காட்டிலும், அவன் வழக்கை எழுத்தெழுத்தாக வாசித்துச் சொல்பவன் பெருந்துணையாவான்.

வாசிக்க வல்லவரே திருத்தவும் வல்லவராவர். 1948-ம் வருஷத்து மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் ஷரத்து ‘ஆடவர்’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு எழுதப்படவிருந்தது. இந்தியப் பிரதிநிதியாகச் சென்றிருந்த ஹன்ஸா மேத்தா அதை ஆட்சேபித்தார். ‘மனிதப் பிறவிகள் அனைவரும்’ என்னும் தொடர் அங்கே அமைந்தது அவருடைய ஊன்றிய வாசிப்பின் பயனாகும். சுதந்திரம் பெற்று இரண்டு வருஷங்கூட நிரம்பாத ஒரு தேசத்தின் பெண்மணி, உலகத்தின் சாஸனத்தில் ஒரு சொல்லை மாற்றி மனித குலத்தின் சரிபாதியை அதனுள் சேர்த்தார்.

அத்தகைய கண்களை நம் கலாசாலைகள் உண்டாக்க வேண்டும். கலாசாலைகள் விழிக்கும்வரை நம் ஊழியர்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு படிப்பகத்திலும் வாரம் ஒரு நாள், ஓர் உடன்படிக்கை, ஒரு ஷரத்து என்று நாலைந்து பேர் கூடி வாசிக்கத் தொடங்கலாம். தன்னைக் கட்டுப்படுத்தும் எழுத்தை வாசிக்கத் தெரியாத ஜனங்கள் பெற்ற சுதந்திரம், பூட்டு நம் கையிலும் சாவி அயலான் கையிலும் இருப்பதைப் போன்றதேயாகும்.